மாங்குயிலும் அதன் சுற்றமும்

சித்திரை மாதத்தில் டில்லி, லக்னோ, கான்பூர் முதலிய வடநாட்டு நகரங்களில் வேம்பும் அரசும் புதுத் தளிர் விட்டு நிற்கும். அக்காலத்து விடியற்பொழுதில் அம்மரங்களின் உச்சியிலிருந்து ஓர் இனிய ஓசை எழுவதை நேயர்கள் பலர் கேட்டிருப்பீர்கள். புல்லாங்குழலில் மூன்றே சுரங்களை எடுத்து, ஒன்றோடொன்று குழைத்து வாசித்தாற்போன்ற ஓசை அது. ஓசை வந்த திசையை அண்ணாந்து நோக்கினால் இலைகளன்றி வேறொன்றும் புலப்படாது. சற்றுப் பொறுத்திருந்தால், பொன்னிறப் பறவை ஒன்று ஒரு மரத்தினின்று மற்றொரு மரத்திற்குத் தாழ்ந்தும் எழுந்தும் அலைபோலப் பறந்து செல்வதைக் காணலாம். அதுவே மாங்குயில். மாம்பழக் குருவி என்றும் தமிழர் அதனை வழங்குவர்.

இப்பறவையை ஹிந்தி மொழியினர் 'பீலக்' என்பர். மஞ்சள் நிறத்தது என்பது பொருள். மராத்தியர் 'ஹளத்யா' என்பர். நாம் பூசிக் குளிக்கும் மஞ்சளுக்கு அவர்கள் மொழியில் 'ஹளத்' என்று பெயர். கன்னடத்தில் இது 'ஹொன்னக்கி', அதாவது பொற்பறவை. மலையாளத்தில் 'மஞ்ஞக்கிளி'. ஆங்கிலத்தில் வழங்கும் 'ஓரியோல்' என்னும் பெயரும், பொன்போன்றது எனப் பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததே. இவ்வாறு ஒருவரையொருவர் கலந்து பேசாமலே பல மொழியினரும் நிறத்தைக் கண்டு பெயரிட்டிருக்கின்றனர். எனினும் நிறம் ஒன்றையே அடையாளமாகக் கொண்டு இப்பறவையின் உறவினரைத் தேடப் புகுந்தால் நாம் வழி தவறுவோம். பொன்னிறமுள்ளவை யாவும் அதற்குச் சுற்றம் அல்ல. சுற்றத்தார் யாவரும் பொன்னிறம் உடையவரும் அல்லர். அது எங்ஙனம் என்பதே இப்பேச்சின் பொருள்.

முதலில் நம் தமிழ்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். மாங்குயில் என்று சொன்னாலும் இது குயில் அன்று. மாந்தோப்பில் மறைந்திருந்து இனிமையாகக் குரல் கொடுப்பது, கனிகளை விரும்பி உண்பது என்னும் இரண்டு ஒற்றுமைகள் கருதியே இப்பெயர் வந்திருத்தல் வேண்டும். உடலமைப்பில் இரண்டும் வேறுபட்டவை. குயிலின் காலில் இரு விரல்கள் முன்னோக்கியும் இரு விரல்கள் பின்னோக்கியும் அமைந்திருக்கும். மாங்குயிலுக்கோ மூன்று விரல்கள் முன்னும் ஒன்று பின்னுமாக இருக்கும். காக்கை, குருவி, மைனா ஆகியவற்றின் கால்களும் இத்தகையனவே. மேலும், குயில் கூடு கட்டுவதில்லை. காக்கையின் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். மாங்குயிலோ கூடு கட்டுவதில் கைதேர்ந்த பறவை. பறவை நூலார் ஆராய்ந்த வகையில், மாங்குயிலுக்குக் குயிலைக் காட்டிலும் காக்கையே நெருங்கிய உறவு. கரிச்சானும் காக்கையும் அடங்கிய பெருங்கிளையிலேதான் மாங்குயிலையும் அவர்கள் சேர்க்கின்றனர். பொன்மேனியும் குழலோசையும் படைத்த பறவைக்குக் கருநிறக் காக்கை உறவு என்பது வியப்பாகத் தோன்றலாம். நிறத்தை நம்பக்கூடாது என்பதற்கு இஃது முதற்சான்று.

இனி, நாம் நன்கறிந்த பொன்னிற மாங்குயிலின் இயல்புகளைக் காண்போம். அளவில் இது மைனாவை ஒத்தது. ஏறக்குறைய 25 செண்டிமீட்டர் நீளமிருக்கும். ஆண்பறவையின் உடல் முழுதும் ஒளிமிக்க மஞ்சள். சிறகும் வாலும் கருமை கலந்தவை. கண்ணுக்கு மை தீட்டினாற்போல ஒரு கருங்கோடு அலகின் அடியிலிருந்து கண்ணைக் கடந்து பின்னே செல்லும். கண் செந்நிறம், அலகு இளஞ்சிவப்பு. பெண்பறவையின் மேற்புறம் பசுமை கலந்த மஞ்சளாக இருக்கும். அதன் மார்பிலும் வயிற்றிலும் மெல்லிய கருங்கீற்றுகள் காணப்படும். இளம்பறவையும் ஏறக்குறைய இவ்வாறே கீற்றுகளுடன் தோன்றும்.

இத்துணைப் பளிச்சென்ற நிறமுள்ள பறவை எவ்வாறு நம் கண்ணில் எளிதில் படுவதில்லை? அதற்குக் காரணம் அது வாழும் இடமே. மாங்குயில் மரமுடியில் வாழும் பறவை. தரையில் இறங்குவது மிக அரிது. அடர்ந்த இலைகளினூடே வெயில் துண்டு துண்டாக விழும்போது, மஞ்சளும் கருமையும் கலந்த உருவம் வெயிலோடும் நிழலோடும் கலந்து போகின்றது. வெட்டவெளியில் விளக்குப்போலத் தோன்றும் நிறமே இலைகளுக்கிடையில் திரையாக உதவுகின்றது.

அதன் உணவும் மரத்தின் மேலேயே கிடைக்கின்றது. ஆல், அரசு, அத்தி ஆகியவற்றின் கனிகளை அது பெரிதும் விரும்பும். இலவமரமும் கல்யாண முருங்கையும் செந்நிறப் பூக்கள் பூத்து நிற்கும் காலத்தில் அவற்றின் தேனையும் பருகும். கம்பளிப்புழு முதலிய புழுபூச்சிகளையும் உண்ணும். ஒரு மரத்துக் கனியை உண்டு, வேறோரிடம் சென்று விதையை எச்சத்தோடு இடுவதால், கனிமரங்கள் பரவுவதற்கும் இது துணை செய்கின்றது. பழந்தின்னி என்று தோட்டக்காரர் இதனைக் கடிந்து கொள்ளலாம். ஆயினும் இலைதின்னும் புழுக்களை உண்டு மரத்துக்கு அது செய்யும் நன்மையையும் கணக்கில் சேர்த்தல் வேண்டும்.

குரலைப்பற்றி ஒரு சொல். குழலோசை மட்டுமே இதன் குரல் என்று எண்ணிவிடலாகாது. சினம் கொண்டாலும், அச்சமுற்றாலும் கரகரத்த ஒலி ஒன்றை எழுப்பும். இன்னிசையும் கரகரப்பும் ஒரே தொண்டையிலிருந்து வருவதைக் கேட்பவர், இரண்டு பறவைகள் இருப்பதாகவே கருதுவர். காக்கையின் உறவு என்று முன்னர்க் கூறியது அப்போது நினைவுக்கு வரும்.

மாங்குயிலின் கூடு காணத்தக்கது. கிளையின் நுனிக்கருகில், இரு கவராகப் பிரியும் மெல்லிய கொம்பைத் தேர்ந்தெடுத்து, இரண்டு கவர்களிலும் நாரைச் சுற்றிக் கட்டி, இடையே தொட்டில்போலத் தொங்கவிடும். புல்லும் மரப்பட்டை நாரும் அதற்குப் பொருள்கள். அவற்றைப் பிணைப்பதற்குச் சிலந்தி நூல் உதவுகின்றது. கூடு பெரும்பாலும் தரையினின்று 4 முதல் 10 மீட்டர் உயரத்தில் இருக்கும். நுனிக்கொம்பு மெல்லியதாதலின் கனத்த பகைவிலங்குகள் அங்கே எட்டுவது கடினம். காற்றடித்தால் கூடு ஆடுமேயன்றிக் கவிழ்வதில்லை. அதில் வெண்ணிறத்தின்மேல் கரும்புள்ளிகளோ செம்புள்ளிகளோ இட்ட 2 அல்லது 3 முட்டைகளைக் காணலாம். ஆணும் பெண்ணும் சேர்ந்தே குஞ்சுகளைப் பேணும்.

கூடு கட்டும் இடத்தைத் தெரிந்தெடுப்பதில் இப்பறவை காட்டும் அறிவு ஒன்று உண்டு. கரிச்சான் கூடு கட்டியுள்ள மரத்திலேயே மாங்குயிலும் பல சமயம் கூடு கட்டும். கரிச்சான் உருவில் சிறியதாயினும், தன் கூட்டை நெருங்கும் காக்கையையும் பருந்தையும் விரட்டியடிக்கும் வீரம் மிக்கது. அத்தகைய காவலன் அண்டையில் இருந்தால் மாங்குயிலின் குஞ்சுகளுக்கும் பாதுகாப்பு. நல்ல அண்டை வீடு பார்த்துக் குடியேறுவது மனிதருக்கு மட்டும் உரிய வழக்கம் அன்று என்பது இதனால் விளங்கும்.

குடியேற்றம் என்றவுடன் மாங்குயிலின் பயணத்தைப்பற்றியும் கூறல் வேண்டும். பொன்னிற மாங்குயில் வடநாட்டுச் சமவெளிகளிலும் இமயத்தின் அடிவாரத்திலும் வேனிற்காலத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். டில்லிக்குப் பங்குனி, சித்திரையில் வரும். ஆவணி, புரட்டாசியில் புறப்பட்டுவிடும். பின்னர்க் குளிர்காலத்தைத் தென்னாட்டில் கழிக்கும். மும்பையிலும் பெங்களூரிலும் தமிழகத்திலும் ஐப்பசி முதல் மாசி வரையில் இதனை மிகுதியாகக் காணலாம். சில பறவைகள் இலங்கை வரையிலும் செல்லும். ஆதலின் டில்லியில் உள்ள தமிழர் மார்கழிக் குளிரில் மாங்குயிலைக் காணோமே என்று தேட வேண்டுவதில்லை. அது அப்போது தென்னாட்டுத் தோப்புகளில் இருக்கும். ஆனால் அதன் பாட்டைக் கேட்கும் பேறு வடநாட்டில் இருப்போருக்கே மிகுதி. கூடு கட்டும் பருவத்தில்தான் பறவை நிறைய இசைக்கும். குளிர்காலத்தில் தென்னாட்டில் தங்கும் நாட்களில் அது பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும்.

இந்தியப் பறவைக்கு முதன்முதல் நூல்முறையில் தனிப்பெயரிட்டவர் வில்லியம் ஹென்றி சைக்ஸ் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி. தக்கணத்துப் பறவைகளை ஆராய்ந்து 1832ஆம் ஆண்டில் இதனைக் குறித்து எழுதினார். பிற்காலத்தார் ஐரோப்பிய மாங்குயிலும் இதுவும் ஓரினமே என்று கருதி ஒன்றாகச் சேர்த்துவிட்டனர். கண்ணருகே உள்ள கருங்கோட்டின் நீளம், சிறகின் அமைப்பு முதலிய வேறுபாடுகளை மீண்டும் ஆய்ந்து, 21ஆம் நூற்றாண்டில் இரண்டையும் வெவ்வேறு இனங்களாகப் பிரித்திருக்கின்றனர். ஐரோப்பியப் பறவையின் கருங்கோடு கண்ணோடு நின்றுவிடும். நம் நாட்டுப் பறவைக்கு அது கண்ணுக்கு அப்பாலும் நீளும். ஐரோப்பியப் பறவை குளிர்காலத்தைக் கழிக்க ஆப்பிரிக்காவுக்குச் செல்லும்; நம் பறவை இந்நாட்டின் தெற்கே வரும்.

இந்தியாவில் மாங்குயிலின் சுற்றம் இத்துடன் முடியவில்லை. வங்காளம், அஸ்ஸாம், ஒடிசா, கேரளம் ஆகிய பகுதிகளில் வாழும் நேயர்கள் ஆண்டு முழுதும் காண்பது கருந்தலை மாங்குயில். இதன் தலையும் தொண்டையும் கரிய முக்காடு இட்டாற்போல் இருக்கும், உடல் மஞ்சள். இது நெடுந்தொலைவு பயணம் செய்வதில்லை. வங்காளத்தார் இதற்கு 'இஷ்டிகுட்டும்' என்று ஓர் அழகிய பெயர் சூட்டியுள்ளனர். 'குட்டும்' என்பது உறவினரைக் குறிக்கும். இப்பறவை வீட்டருகே கூவினால் உறவினர் விருந்தாக வருவர் என்பது அந்நாட்டு மக்களின் நம்பிக்கை. நம் ஊரில் காக்கை கரைந்தால் விருந்து வரும் என்போம். வங்காளத்தில் அப்பணியை மாங்குயில் செய்கின்றது. இவ்விரு பறவைகளும் ஒரு பெருங்கிளையைச் சேர்ந்தவை என்பதை முன்னரே கண்டோம்.

மூன்றாவது இனம் பிடரியில் கரும்பட்டை உடையது. கண்ணருகே தொடங்கும் கருங்கோடு பின்கழுத்தைச் சுற்றி மறுகண்ணோடு சேர்ந்து, தலைப்பாகையின் கரைபோல விளங்கும். இது கிழக்காசியாவிலிருந்து குளிர்காலத்தில் வடகிழக்கிந்தியாவுக்கும் தென்னிந்தியாவுக்கும் வருவது. அந்தமான், நிக்கோபார் தீவுகளிலோ இது நிலையாகவே வாழ்கின்றது. ஆகவே போர்ட் பிளேயரில் குடியிருக்கும் தமிழர் எந்த மாதத்திலும் இதனைக் காணலாம். இதனை ஒத்ததும், மெலிந்த அலகு உடையதுமான மற்றோர் இனம் கிழக்கு இமயத்திலும் வடகிழக்கு மலைகளிலும் உண்டு.

ஐந்தாவது இனம் நம் கருத்துக்கு மிகவும் இன்றியமையாதது. இமயமலைச் சாரலிலும் வடகிழக்கு மலைக்காடுகளிலும் வாழும் இதன் ஆண்பறவையிடம் மஞ்சள் நிறம் சிறிதும் இல்லை. தலையும் சிறகும் கரியவை. உடல் உறைந்த குருதிபோன்ற ஆழ்ந்த செந்நிறம். பொன்னைத் தேடிச் செல்பவர் இதனை மாங்குயில் என்று ஒருபோதும் கருதார். ஆயினும் உடலின் வடிவு, குழலோசை, கவரில் தொங்கும் தொட்டில் கூடு, மரமுடி வாழ்க்கை ஆகிய யாவும் இதனை மாங்குயில் என்றே அறிவிக்கின்றன.

நம் நாட்டைக் கடந்து சென்றால் இவ்வுண்மை மேலும் தெளிவாகும். ஆப்பிரிக்கா, ஐரோப்பா, ஆசியா, ஆஸ்திரேலியா ஆகிய கண்டங்களில் ஏறக்குறைய 30 வகை மாங்குயில்கள் உள்ளன. போர்னியோத் தீவின் மலைக்காடுகளில் ஓரினம் கருநிறமாகவே இருக்கின்றது. தென் சீனக் காடுகளில் மற்றோர் இனம் வெள்ளி நிறமாக இருக்கின்றது. ஆஸ்திரேலியாவில் பசுமை நிற மாங்குயில்கள் உண்டு.

இந்தோனேஷியாவைச் சேர்ந்த புரு என்னும் தீவிலோ மாங்குயில் மங்கிய பழுப்பு நிறத்தது. ஆல்பிரட் ரஸல் வாலஸ் என்னும் இயற்கையறிஞர் 1861ஆம் ஆண்டில் அங்கே சென்றபோது ஒரு புதுமையைக் கண்டார். தேனுண்ணும் பறவைக் குடும்பத்தைச் சேர்ந்த, கூச்சலும் சண்டைக்குணமும் மிக்க ஒரு பழுப்புநிறப் பறவை அத்தீவில் உண்டு. அத்தீவின் மாங்குயில் அதனை அப்படியே ஒத்திருந்தது. அப்பறவையின் முகத்தில் இறகற்ற கருந்தோல் காணப்படும். அதற்கு ஈடாக மாங்குயிலின் முகத்தில் அதே இடத்தில் கரிய இறகுகள் இருந்தன. அவருக்கு முன்னர் அங்கே சென்ற பிரெஞ்சு அறிஞர்கள் தோற்றத்தைக் கண்டு மயங்கி, மாங்குயிலையும் தேனுண்ணும் பறவை என்றே எழுதிவிட்டனர். வலியதும் சண்டையிடுவதுமான பறவையின் வேடத்தைப் பூண்டால் எளிய பறவைக்குத் தொல்லை குறையும் என்று வாலஸ் விளக்கம் கூறினார். 1869ஆம் ஆண்டில் வெளிவந்த 'மலாய்த் தீவுக்கூட்டம்' என்னும் தம் நூலில் இதனை அவர் விரித்துரைத்தார். வேடம் வேறு, குலம் வேறு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

மாங்குயிலின் குடும்பத்தில் இன்னும் சில விந்தையான உறுப்பினர் உளர். ஆஸ்திரேலியாவிலும் நியூ கினியிலும் கூட்டங்கூட்டமாக அத்திப்பழம் உண்ணும் அத்திப் பறவைகள் இக்குடும்பத்தவை. நியூ கினித் தீவில் 'பிட்டோஹுயி' என்று ஒரு பறவை வாழ்கின்றது. செம்மஞ்சளும் கருமையும் கலந்த மேனியது. அதன் தோலிலும் இறகிலும் கொடிய நஞ்சு இருப்பதை 1992ஆம் ஆண்டில் அறிஞர்கள் வெளியிட்டனர். தென்னமெரிக்காவின் நச்சுத் தவளைகளிடம் உள்ள நஞ்சின் வகையே அது. பறவைக்கும் நஞ்சு உண்டு என்பதை அறிவியலுலகம் அப்போதுதான் தெளிவாக உணர்ந்தது. நியூசிலாந்தில் 'பியோபியோ' என்னும் பழுப்புநிறப் பறவை இருந்தது. வேற்று நாட்டவர் கொணர்ந்த எலிகளுக்கும் பூனைகளுக்கும் இரையாகி, அது அழிந்தொழிந்தது. காட்சிசாலைகளில் இருந்த அதன் பதப்படுத்திய உடல்களைக் கொண்டு மரபணு ஆராய்ச்சி செய்தபோது, அதுவும் மாங்குயில் குடும்பத்தது என்று அண்மைக் காலத்தில் தெரியவந்தது. உறவு இன்னதென்று உலகம் அறிவதற்குள் அப்பறவை மறைந்துபோயிற்று.

இனி மறுபக்கத்தையும் பார்ப்போம். ஐரோப்பியர் அமெரிக்காவில் குடியேறியபோது, மஞ்சளும் செம்மஞ்சளும் கருமையும் கலந்த அழகிய பறவைகளைக் கண்டனர். தாயகத்தில் தாம் கண்ட மாங்குயிலை அவை நினைவூட்டியதால் 'ஓரியோல்' என்ற பெயரையே அவற்றுக்கும் இட்டனர். அவற்றுள் பெயர்பெற்றது பால்டிமோர் ஓரியோல். பால்டிமோர் பிரபுவின் குடும்பச் சின்னத்தில் இருந்த நிறங்களை அதன் மேனியில் கண்டு அவ்வாறு அழைத்தனர். பார்வைக்கு அது மாங்குயிலின் உடன்பிறப்புப்போலத் தோன்றும். அதன் கூடும் கிளைநுனியில் பைபோலத் தொங்கும். ஆயினும் அதற்கும் நம் மாங்குயிலுக்கும் நெருங்கிய உறவு எதுவும் இல்லை. நம்முடையது காக்கையின் கிளை. அதுவோ சிட்டுக்குருவி முதலியவை அடங்கிய வேறு பெருங்கிளையைச் சேர்ந்தது. இரண்டும் மரமுடியில் கனியும் பூச்சியும் தேடி வாழ்வன. ஒத்த வாழ்க்கை ஒத்த தோற்றத்தைத் தந்தது, அவ்வளவே.

ஆகவே மாங்குயில் குலத்தை அறிவது எங்ஙனம்? பொன்னிறம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். மைனாவை ஒத்த கட்டுடல், சற்றே வளைந்த வலிய அலகு, குழைந்து வரும் குழலோசை, கவரில் கட்டிய தொட்டில் கூடு, கனியும் புழுவும் கலந்த உணவு, மரமுடியை விட்டு இறங்காத வாழ்க்கை ஆகியவையே இந்நாட்டு மாங்குயில்கள் ஐந்துக்கும் பொதுவான குலமுறை. இவற்றுள் இறுதியில் கூறியதே எல்லாவற்றிற்கும் அடிப்படை. மரம் இன்றேல் மாங்குயில் இல்லை.

நம் நாட்டு மாங்குயில் இன்று அருகிவிட்ட பறவை அன்று. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இதனைப் பிடிப்பதும் கூண்டில் அடைப்பதும் குற்றமாகும். ஆயினும் கூண்டைக் காட்டிலும் கோடரியே இதற்குப் பேரிடர். தரையில் இறங்கி இரை தேடப் பழகாத பறவை, மரத்திலிருந்து மரத்திற்குச் சென்றே வாழ வேண்டும். சாலையோரத்து ஆலும் அரசும் வேம்பும் ஒவ்வொன்றாக மறைந்தால், ஆயிரம் மைல் கடந்து வரும் பறவைக்குத் தங்க இடம் இராது. சித்திரை முதல் ஆடி வரையில் கிளைகளைக் கழித்தால், இலைகளுக்கிடையே தொங்கும் தொட்டில்களும் உடன் விழுந்துவிடும். கூடு இருப்பது கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது.

நேயர்கள் வாழும் குடியிருப்பில் மரம் கழிக்க ஆட்கள் வரும்போது, ஆவணி கழியட்டும் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அண்டை வீட்டார் ஹிந்தி பேசுவோராயின் பீலக் என்றும், வங்காளியராயின் இஷ்டிகுட்டும் என்றும் கூறுங்கள். அவர்களும் உடனே உணர்ந்துகொள்வர். அவ்வாறு காத்த மரத்தில் பொரித்த குஞ்சு, புரட்டாசியில் சிறகு முற்றித் தெற்கு நோக்கிப் புறப்படும்.